நாடாளுமன்றத்துச் செக்ரோல்



தோட்டத்தில் வேலை செய்கிறவர்களுக்குச் செக்ரோலைப் பற்றி நாம் விளக்க வேண்டியதில்லை. காலையில் பெரட்டுக்கு வந்தவர் யார், வராதவர் யார், யாருக்கு முழுப்பேர், யாருக்கு அரைப்பேர், எத்தனை கிலோ கொழுந்து, எவ்வளவு பால் என்பதெல்லாம் அந்த ஏட்டில் ஏறிவிடும். மாதக் கடைசியில் கைக்கு வருகிற சம்பளம் அந்த ஏட்டின்படிதான். ஒரு நாள் பேர் விடுபட்டுப் போனாலும் கணக்கப்பிள்ளையிடமோ கிராணியிடமோ போய் நின்று கேட்கிறோம். கேட்பது நம் உரிமை.

நம்முடைய உழைப்புக்கு இவ்வளவு கண்டிப்பான கணக்கு இருக்கிறதே, தேர்தல் நேரத்தில் கைகூப்பி நம் வாக்கை வாங்கிச் சென்ற உறுப்பினரின் உழைப்புக்கு ஒரு கணக்கு வேண்டாமா? அவர் சபைக்குப் போனாரா, போனால் வாய் திறந்தாரா, எதைக் கேட்டார், எந்தச் சட்டத்துக்குச் சரி என்றார், எதற்கு வேண்டாம் என்றார்? இவற்றையெல்லாம் எழுதி வைக்கிற ஓர் ஏடு உண்டு. அதற்கு ஹன்சார்ட் என்று பெயர். அந்த ஏட்டின் வரலாற்றையும், சிங்கப்பூரில் அது எப்படித் தமிழ் மக்களின் கைக்கு எட்டியது என்பதையும் இன்று பார்ப்போம்.

முதலில் அந்தப் பெயர் எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறோம். ஹன்சார்ட் என்பது லண்டனில் அச்சுக்கூடம் வைத்திருந்த ஒருவரின் பெயர். அவருக்கு முற்பட்ட காலத்தில் இங்கிலாந்து நாடாளுமன்றத்தில் பேசுகிற பேச்சை வெளியில் அச்சிடுவது குற்றம். 1738-ல் அந்தச் சபையே அதற்குத் தடை போட்டிருந்தது. உள்ளே பேசுவதை வெளியில் இருக்கிறவன் ஏன் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுதான் அந்தக் காலத்துப் பெரிய மனிதர்களின் எண்ணம். பத்திரிகைக்காரர்கள் சும்மா இருக்கவில்லை. கதையில் வரும் ஒரு கற்பனை நாட்டுச் சபையில் நடந்ததாகப் பெயரை மாற்றி எழுதினார்கள். 1771-ல் தடையை மீறி உண்மைப் பெயருடனேயே அச்சிட்டவர்களைப் பிடிக்க ஆணை பிறந்தது. அவர்களுக்குப் பாதுகாப்பாக நின்ற லண்டன் மேயர் பிராஸ் கிராஸ்பி சிறைக்குப் போனார். ஆனால் மக்கள் திரண்டு அவர் பக்கம் நின்றார்கள். அதற்குப் பிறகு அச்சிடுகிறவர்களைத் தண்டிக்கச் சபைக்குத் துணிவு வரவில்லை. 1803-ல் வில்லியம் காபெட் என்பவர் விவாதங்களைத் தொகுத்து வெளியிடத் தொடங்கினார். 1812-ல் அந்த வேலை தாமஸ் ஹன்சார்டின் கைக்கு வந்தது. 1836 முதல் யார் எந்தப் பக்கம் வாக்களித்தார் என்ற பட்டியலையும் சபையே வெளியிட்டது.

ஆகவே இந்த ஏடு அரசாங்கம் தானாக மனமுவந்து கொடுத்த பொருள் இல்லை என்பதை நினைவில் வைப்போம். சிலர் சிறைக்குப் போய் வாங்கித் தந்தது அது. பிரிட்டிஷ்காரர் ஆண்ட நாடுகளுக்கெல்லாம் பிறகு அது பரவியது. இலங்கையிலும் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இன்று அது இருக்கிறது.

இனி சிங்கப்பூருக்கு வருவோம். ஜொகூர்ப் பாலத்தைக் கடந்தால் அந்தத் தீவு. தோட்டங்களிலிருந்து பிழைப்புத் தேடிப் போன நம் உறவினர் பலர் அங்கே இருக்கிறார்கள். சிராங்கூன் சாலையும் தேக்காவும் நம்மில் பலருக்குப் பழகிய பெயர்கள். சிறிய நாடு, ஒரே சபை. அதனால் இந்த ஏட்டின் கதை அங்கே தெளிவாகத் தெரிகிறது.

1867-ல் சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா மூன்றும் சேர்ந்த நீரிணைக் குடியேற்றம் பிரிட்டிஷ் அரசின் நேரடி ஆட்சிக்குள் வந்தது. அப்போது சட்டமன்றக் கழகம் ஒன்று அமைந்தது. கவர்னர் பொறுக்கியெடுத்த அதிகாரிகளும் வணிகர்களும் அதில் உட்கார்ந்தார்கள். சாலை போட்ட கூலிக்கும் துறைமுகத்தில் மூட்டை சுமந்தவருக்கும் அங்கே யாரையும் அனுப்பும் உரிமை கிடையாது. அனுப்பாதவன் எப்படிக் கணக்குக் கேட்பான்?

எண்பது ஆண்டுகள் கழித்து, 1948 மார்ச் மாதத்தில், முதல் தேர்தல் நடந்தது. ஆறே ஆறு இடங்கள். பிரிட்டிஷ் குடிமக்கள் மட்டுமே வாக்களிக்கலாம், அதுவும் தாமே போய்ப் பெயரைப் பதிந்துகொண்டிருக்க வேண்டும். பட்டியலில் இருந்தவர் ஏறக்குறைய 22 ஆயிரம் பேர். அவர்களில் பெரும் பங்கினர் இந்தியர். 1951-ல் ஒன்பது இடங்கள், ஏறக்குறைய 48 ஆயிரம் வாக்காளர்கள். 1955-ல் பெயர்கள் தாமாகவே பட்டியலில் ஏறும்படி செய்தபோது எண்ணிக்கை ஒரே தாவலாக மூன்று லட்சத்தை எட்டியது. 32 பேர் கொண்ட சட்டமன்றத்தில் 25 பேர் மக்கள் அனுப்பியவர்கள். டேவிட் மார்ஷல் முதலமைச்சர் ஆனார். அந்தச் சட்டமன்றம் முதன்முதலாகக் கூடிய 1955 ஏப்ரல் 22-ஆம் நாள் தொடங்கி இன்று வரை நடந்த விவாதங்களை யாரும் எடுத்துப் படிக்கலாம்.

மார்ஷலைப் பற்றி இரண்டு செய்திகள் சொல்ல வேண்டும். ஒன்று, பொதுமக்கள் நேரில் வந்து குறை சொல்லும் வழக்கத்தை அவர்தான் தொடங்கி வைத்தார். சிங்கப்பூர் உறுப்பினர்கள் மக்களைச் சந்திக்கும் நிகழ்ச்சிகளுக்கு அதுவே மூலம். மற்றொன்று, லண்டனுக்குப் போய்த் தன்னாட்சி வாங்கி வராவிட்டால் பதவி விலகுவேன் என்று அவர் சொல்லியிருந்தார். பேச்சு முறிந்தது. 1956 ஜூன் மாதத்தில் சொன்னபடியே விலகினார். அவருடைய அரசியலை ஏற்பவரும் உண்டு, ஏற்காதவரும் உண்டு. சொன்னதையும் செய்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கணக்கு நேராக இருக்கிறது.

அந்தக் காலத்தில் இன்னொரு தடையும் இருந்தது. சபையில் ஆங்கிலமே பேச்சுமொழி. சிராங்கூன் சாலையைச் சுற்றிக் குடியிருந்த நகராட்சித் தொழிலாளி ஒருவர், தம் வாக்கு யாருக்கு என்று முடிவு செய்யலாம், ஆனால் தாம் அனுப்பியவர் உள்ளே என்ன பேசினார் என்பது அவர் காதுக்குப் புரியாது. 1956-ல் சட்டமன்றம் ஒரு தீர்மானம் செய்தது. வாய்மொழி விவாதத்துக்கு ஆங்கிலம், மலாய், சீனம், தமிழ் ஆகிய நான்கு மொழிகளும் உரியவை என்பது அந்தத் தீர்மானம். பின்னால் அரசமைப்புச் சட்டத்திலும் இது இடம்பெற்றது. இன்றும் சிங்கப்பூர் நாடாளுமன்றத்தில் ஓர் உறுப்பினர் எழுந்து தமிழில் பேசலாம். மற்றவர்களுக்காக மொழிபெயர்ப்பாளர்கள் உடனுக்குடன் மாற்றிச் சொல்வார்கள். ஹன்சார்டில் அந்தப் பேச்சுக்கு நேரே, தமிழில் பேசப்பட்டது என்ற குறிப்பும் இருக்கும்.

மொழி உரிமை மட்டும் போதுமா? படிக்கிறவர் வேண்டுமே. அதற்குப் பத்திரிகைகள் உதவின. கோ. சாரங்கபாணி 1935-ல் தொடங்கிய தமிழ் முரசு, சிங்கப்பூரிலும் மலாயாவிலும் பல தொழிலாளர்க்கு உலகத்தைக் காட்டியது. 1950-களில், ஊருக்குப் போய்விடுவோம் என்ற எண்ணத்தில் குடியுரிமையை அலட்சியம் செய்த தமிழர்களிடம், பதிந்துகொள்ளுங்கள் பதிந்துகொள்ளுங்கள் என்று சாரங்கபாணி ஓயாமல் வற்புறுத்தினார். பெயர் பதிவில் இல்லாதவனுக்கு உறுப்பினர் இல்லை, உறுப்பினர் இல்லாதவனுக்குக் கேள்வியும் இல்லை என்பதை அவர் நன்கு அறிந்திருந்தார்.

ஒரு வாக்கு எவ்வளவு பெரியது என்பதற்கு 1961-ஆம் ஆண்டு நடந்ததைச் சொல்கிறோம். 1959 தேர்தலில் மக்கள் செயல் கட்சி 51 இடங்களில் 43-ஐ வென்று ஆட்சிக்கு வந்தது. இரண்டே ஆண்டுகளில் கட்சிக்குள் பிளவு. மலாயாவுடன் இணைவதா, எப்படி இணைவது என்பதில் சண்டை. 1961 ஜூலையில் ஆன்சன் தொகுதி இடைத்தேர்தலில் ஆளுங்கட்சியை டேவிட் மார்ஷல் தோற்கடித்தார். சில நாட்களில் பிரதமர் லீ குவான் இயூ தம் அரசின்மேல் நம்பிக்கை கோரும் தீர்மானத்தைச் சட்டமன்றத்தில் வைத்தார்.

ஜூலை 20-ஆம் நாள் தொடங்கிய விவாதம் இரவெல்லாம் நடந்தது. 51 பேர் கொண்ட சபையில் 26 பேர் வேண்டும். ஆளுங்கட்சியிலேயே பலர் கைவிட்டுவிட்ட நிலை. சிக்லாப் தொகுதி உறுப்பினர் சகோரா அகமது என்ற பெண்மணி நோயுற்று மருத்துவமனையில் இருந்தார். கட்சிக்காரர் போய்ப் பேசி, அவரை ஆம்புலன்ஸ் வண்டியில் சபைக்கு அழைத்து வந்தார்கள். விடியற்காலையில் வாக்கெடுப்பு நடந்தது. ஆதரவு 27, எதிர்ப்பு 8, வாக்களிக்காமல் ஒதுங்கியவர் 16. அந்த 16 பேரில் 13 பேர் ஆளுங்கட்சியைச் சேர்ந்தவர்கள். அவர்கள் வெளியேற்றப்பட்டு, பாரிசான் சோஷலிஸ் என்ற புதுக் கட்சி பிறந்தது. சிங்கப்பூரின் பின்னாளைய வரலாறு முழுவதும் அந்த விடியற்காலை வாக்கெடுப்போடு தொடர்புடையது. அன்று யார் எந்தப் பக்கம் நின்றார் என்பது வதந்தியாக இல்லாமல் பெயர் பெயராக ஏட்டில் இருக்கிறது.

1965-ல் சிங்கப்பூர் தனி நாடானது. பாரிசான் உறுப்பினர்கள் சபையைப் புறக்கணித்து, 1966-ல் வெளியேறினார்கள். 1968 தேர்தலில் 58 இடங்களும் மக்கள் செயல் கட்சிக்கே. 1972, 1976, 1980 தேர்தல்களிலும் அப்படியே. எதிர்க்கட்சி இல்லாத அந்த ஆண்டுகளில் ஹன்சார்டைப் படித்து என்ன பயன் என்று நீங்கள் கேட்கலாம். பயன் உண்டு. 1969 டிசம்பரில் கருக்கலைப்பு மசோதா வந்தபோது, அவரவர் மனச்சாட்சிப்படி வாக்களிக்கக் கட்சி அனுமதித்தது. 32 பேர் ஆதரவு, 10 பேர் எதிர்ப்பு, ஒருவர் நடுநிலை. எல்லாரும் ஒரே கட்சி, ஆனால் ஒரே மனம் இல்லை. கட்சிப் பெயரை மட்டும் பார்த்திருந்தால் இது தெரிந்திருக்காது.

இனி 1981-க்கு வருவோம். ஆன்சன் தொகுதியின் உறுப்பினராக இருந்த தேவன் நாயர் அந்த ஆண்டு குடியரசுத் தலைவரானார். ரப்பர்த் தோட்டத்தில் வேலை பார்த்த தந்தையின் மகன் அவர் என்பதை நம் நேயர்கள் மகிழ்ச்சியோடு கேட்பார்கள். அவர் விட்ட இடத்துக்கு இடைத்தேர்தல். ஆன்சன் துறைமுகத்தை ஒட்டிய தொகுதி. பிளேர் பிளேயின் என்ற இடத்தில் துறைமுக ஆணையத்தின் அடுக்குமாடி வீடுகளில் தொழிலாளர் குடும்பங்கள் இருந்தன. சரக்குக் கொள்கலன் வளாகத்துக்காக அவர்கள் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று சொல்லப்பட்டிருந்தது. அடுத்த வீடு எங்கே என்ற கவலை அவர்களுக்கு. வேலை கொடுத்தவரின் வீட்டில் குடியிருக்கிறவர்களுக்கு அந்தக் கவலை எப்படிப்பட்டது என்பது தோட்டத்து லயத்தில் வாழ்ந்தவர்களுக்கு நன்றாகவே தெரியும்.

அந்தத் தேர்தலில் பாட்டாளிக் கட்சியின் சார்பில் நின்றவர் ஜே. பி. ஜெயரத்தினம். யாழ்ப்பாணம் சங்கானையில் 1926-ல் பிறந்து, ஜொகூரில் வளர்ந்து, வழக்கறிஞரானவர். 1972-ல் லிட்டில் இந்தியாவை ஒட்டிய ஃபேரர் பார்க் தொகுதியில் தொடங்கி ஐந்து முறை நின்று ஐந்து முறையும் தோற்றவர். 1981 அக்டோபர் 31-ஆம் நாள் அவருக்கு 7,012 வாக்குகள். ஆளுங்கட்சி வேட்பாளருக்கு 6,359. வித்தியாசம் 653. இடைவெளி சிறியதுதான். ஆயினும் பதின்மூன்று ஆண்டுகளாக ஒரே கட்சியின் உறுப்பினர்கள் மட்டுமே தேர்ந்தெடுக்கப்பட்டு வந்த சபைக்குள் அந்த 653 வாக்குகள் ஒரு புதுக்குரலை அனுப்பின.

75 இடங்கள் கொண்ட சபையில் ஒரே ஒருவர் என்ன செய்ய முடியும்? எந்த மசோதாவையும் தோற்கடிக்க முடியாது. ஆனால் கேள்வி கேட்கலாம். எழுந்து பேசலாம். வேண்டாம் என்று சொல்லலாம். சாதாரணமாகச் சபையில் வாக்கெடுப்பு வாய்ச்சொல்லால் நடக்கும். ஆம் என்பவர்கள் ஒரே குரலில் சொல்ல, இல்லை என்பவர்கள் சொல்ல, எது ஓங்கி ஒலிக்கிறதோ அதைச் சபாநாயகர் அறிவிப்பார். பெயர் பெயராக எண்ண வேண்டுமானால் குறைந்தது ஐந்து உறுப்பினர்களாவது எழுந்து நிற்க வேண்டும். அவ்வளவு பேர் இல்லாவிட்டால், மறுத்தவரின் பெயரை மட்டும் ஏட்டில் குறித்துக்கொள்வார்கள். அரசமைப்புச் சட்டத்தைத் திருத்தும்போது மட்டும் நிலை வேறு. அதற்கு மொத்த உறுப்பினரில் மூன்றில் இரண்டு பங்கினர் ஆதரவு வேண்டுமாதலால் எண்ணியே ஆகவேண்டும்.

ஒரு குறிப்பிட்ட விஷயத்தில் ஜெயரத்தினத்தின் பேச்சையே தொடர்ந்து பார்ப்போம். 1984-ல் அரசு ஒரு புதிய ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. தேர்தலில் தோற்றாலும் அதிக வாக்கு பெற்ற எதிர்க்கட்சி வேட்பாளர் சிலருக்குச் சபையில் இடம் தருவது அது. தொகுதியில்லா உறுப்பினர் என்று அவர்களுக்குப் பெயர். ஜெயரத்தினம் இதை எதிர்த்துப் பேசினார். அந்த ஆண்டு இறுதியில் நடந்த தேர்தலில் அவர் ஆன்சனில் மீண்டும் வென்றார். அவருடைய கட்சி வேட்பாளர் ஒருவருக்குத் தொகுதியில்லா உறுப்பினர் இடம் கிடைத்தபோது, கட்சி அதை மறுத்துவிட்டது. 1986 நவம்பரில், கட்சிக் கணக்கு தொடர்பான வழக்கில் கிடைத்த தண்டனையால் ஜெயரத்தினம் தம் இடத்தை இழந்தார். வழக்கறிஞர் பட்டியலிலிருந்தும் நீக்கப்பட்டார். 1988-ல் லண்டன் பிரிவி கவுன்சில் அவரை மீண்டும் வழக்கறிஞர் பட்டியலில் சேர்க்கச் சொல்லி, அவருக்குக் கடும் அநீதி நேர்ந்ததாகக் கருத்துரைத்தது. ஆனால் போன இடம் திரும்பவில்லை. 1997 தேர்தலில் செங் சான் குழுத்தொகுதியில் நின்று தோற்றார். அப்போது அதே தொகுதியில்லா உறுப்பினர் இடத்தை ஏற்றுக்கொண்டு சபைக்குள் போனார்.

இதைக் கேட்டு ஒருவர், அன்று வேண்டாம் என்றவர் இன்று எப்படி வாங்கினார் என்று குறை சொல்லலாம். இன்னொருவர், வேறு வழியில் உள்ளே போக முடியாதபோது கிடைத்த வாசலில் நுழைந்தார் என்று சொல்லலாம். எந்தத் தீர்ப்பு சரி என்று நாம் சொல்லப்போவதில்லை. ஆனால் இரண்டு ஆண்டுகளையும் சேர்த்துப் படித்தவர்தான் தீர்ப்புச் சொல்லத் தகுதி உள்ளவர். ஒன்றை மட்டும் கேட்டவர் பாதிக் கதை கேட்டவர்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் வேண்டும். ஏட்டைப் படிக்கிறவருக்கு விதியும் தெரிந்திருக்க வேண்டும். தொகுதியில்லா உறுப்பினர்கள் பல ஆண்டுகள் வரை அரசமைப்புத் திருத்தத்துக்கும் நிதி மசோதாவுக்கும் வாக்களிக்க முடியாது. 2016-ல் செய்த திருத்தத்துக்குப் பிறகுதான் அந்த உரிமை கிடைத்தது. இது தெரியாமல் பழைய பட்டியலைப் பார்ப்பவர், இவர் ஏன் வாக்களிக்கவில்லை, பயந்துவிட்டாரா என்று தவறாக எண்ணிவிடுவார். அதுபோலவே அமைச்சர்கள் கேள்வி கேட்பவர்கள் இல்லை, பதில் சொல்பவர்கள். சபாநாயகர் விவாதத்தில் கலந்துகொள்ள மாட்டார். கட்சிக் கொறடாவின் கட்டளைப்படி வாக்களிப்பவரின் வாக்கு, கட்சியின் வாக்கே தவிர அவர் மனம் என்று சொல்ல முடியாது. அரைப்பேர் போட்டதைப் பார்த்தவுடன் சோம்பேறி என்று சொல்லிவிட மாட்டோம். அன்று மழையா, காய்ச்சலா என்று விசாரிப்போம். அந்த நியாயத்தை உறுப்பினருக்கும் காட்ட வேண்டும்.

இந்த ஏடு தோட்ட மக்களுக்கு எவ்வளவு நெருக்கமானது என்பதற்குச் சிங்கப்பூரை விட்டுச் சற்று இலங்கைப் பக்கம் திரும்ப வேண்டும். 1947 தேர்தலில் மலையகத் தமிழர் இலங்கை இந்தியன் காங்கிரஸ் சார்பில் ஏழு பேரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். அடுத்த ஆண்டே, 1948-ல், குடியுரிமைச் சட்டம் வந்தது. லட்சக்கணக்கான தோட்டத் தொழிலாளர்கள் ஒரே அடியில் நாடற்றவர் ஆனார்கள். 1949-ல் வாக்குரிமையும் போயிற்று. அந்த வாக்கெடுப்புகளில் தமிழ்த் தலைவர்கள் எப்படி நின்றார்கள் என்று இன்றும் மக்கள் வாதாடுகிறார்கள். ஜி. ஜி. பொன்னம்பலம் எல்லாவற்றுக்கும் ஆதரவு தந்தார் என்பவரும் உண்டு, எதற்குமே தரவில்லை என்பவரும் உண்டு.

நடந்தது இதுதான். 1948 ஆகஸ்டில் முதல் குடியுரிமை மசோதா வந்தபோது பொன்னம்பலம் எதிர்த்து வாக்களித்தார். அடுத்த மாதமே அரசாங்கத்தில் அமைச்சராகச் சேர்ந்தார். அதன்பின் இந்திய, பாகிஸ்தானிய வம்சாவளியினரின் குடியுரிமை பற்றிய இரண்டாவது மசோதா வந்தபோது ஆதரித்து வாக்களித்தார். அவர் கட்சியிலேயே இருந்த எஸ். ஜே. வி. செல்வநாயகம் அதை எதிர்த்தார். பிரிந்து போய் 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். நாடற்றவர் என்று தள்ளப்பட்டவர்களில் எஞ்சியிருந்தோர்க்குக் குடியுரிமை கொடுக்க 2003-ல் தனிச் சட்டம் வரவேண்டியிருந்தது. ஐம்பத்தைந்து ஆண்டுகள். ஒரு நாள் நடந்த வாக்கெடுப்பின் விலையை இரண்டு மூன்று தலைமுறைகள் கொடுத்தன. வாய்வழியாகக் கேட்ட கதையில் இரண்டு மசோதாக்களும் ஒன்றாகிவிடுகின்றன. ஏட்டில் அவை தனித்தனியே, தேதியோடு நிற்கின்றன.

சரி, இன்றைய நிலை என்ன? சிங்கப்பூரில் 1985 முதல் சபை நடவடிக்கைகளைத் தொலைக்காட்சியில் காட்டினார்கள். 2021 ஜனவரி முதல் சபை நடக்கும்போதே இணையத்தில் நேரடியாகப் பார்க்கலாம். ஹன்சார்ட் ஏடும் இணையத்தில் இருக்கிறது, காசு கொடுக்க வேண்டியதில்லை. சபை கூடும் நாளில் கேள்வி நேரம் முதலில் வரும். ஓர் உறுப்பினர் ஒரு நாளைக்கு ஐந்து கேள்விகள் வரை கொடுக்கலாம், அவற்றில் மூன்றுக்கு வாய்மொழியாகப் பதில் கேட்கலாம். அமைச்சரின் பதிலும் கேள்விக்குக் கீழேயே அச்சாகும். ஒவ்வொரு நாள் அறிக்கையின் தொடக்கத்திலும் அன்று வந்தவர் யார், வராதவர் யார் என்ற பட்டியல் இருக்கும். அதைப் பார்க்கும்போது நமக்குப் பெரட்டு ஞாபகம் வந்தால் அதில் வியப்பில்லை.

நம் உறுப்பினரின் கணக்கை நாமும் எப்படிப் பார்ப்பது? வீட்டில் படித்த பிள்ளை ஒன்று இருந்தால் போதும். ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்துக்கொள்ளட்டும். பக்கத்துக்கு ஒன்றாக நான்கு தலைப்பு எழுதட்டும். வருகை, கேள்வி, பேச்சு, வாக்கு. சபை கூடும் ஒவ்வொரு முறையும் நம் தொகுதி உறுப்பினரின் பெயரைத் தேடி, தேதியோடு குறித்து வரட்டும். கேள்வி என்றால் எத்தனை என்று எண்ணுவதோடு நிற்க வேண்டாம், எதைப் பற்றி என்றும் எழுத வேண்டும். நூறு கேள்வி கேட்டும் தோட்டத்துச் சம்பளத்தைப் பற்றி, லயத்து வீட்டைப் பற்றி, பள்ளிக்கூடத்தைப் பற்றி ஒன்றுகூட இல்லையென்றால் அந்த நூறினால் நமக்கு என்ன? இரண்டே கேள்வி கேட்டு, அதில் ஒன்றினால் தோட்டத்துக்குத் தண்ணீர்க் குழாய் வந்ததென்றால் அந்த இரண்டைக் குறைவு என்று சொல்வோமா? அமைச்சர் தந்த பதிலையும் எழுதி வைக்க வேண்டும். ஆவன செய்வோம் என்று அமைச்சர் சொன்னால், ஆறு மாதம் கழித்து அந்தப் பக்கத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும்.

உறுப்பினர் தோட்டத்துக்கு வரும் நாளில், மாலை போடுகிற கையில் அந்த நோட்டும் இருக்கட்டும். கோபமாகக் கேட்க வேண்டியதில்லை. ஐயா, சென்ற மார்ச்சில் நீங்கள் சபையில் இப்படிக் கேட்டீர்கள், அமைச்சர் இப்படிச் சொன்னார், அதன்பின் என்ன ஆயிற்று என்று மரியாதையாகக் கேட்டால் போதும். நல்ல உறுப்பினராக இருந்தால் மகிழ்ச்சி அடைவார். தம் பேச்சை யாரும் கவனிக்கவில்லை என்று எண்ணியவராக இருந்தால் அடுத்த முறை எண்ணிப் பேசுவார்.

நம் பாட்டன் பூட்டன் காலத்தில் செக்ரோலை எழுதத் தெரிந்தவர் ஒருவர், அதில் பேர் போடப்பட்டவர் நூறு பேர். எழுதியது சரியா என்று பார்க்க அவர்களுக்கு எழுத்துத் தெரியாது. இன்று நம் வீட்டுப் பெண்ணும் பையனும் படித்திருக்கிறார்கள். உறுப்பினரின் ஏடும் திறந்தே கிடக்கிறது. பக்கத்தைப் புரட்டச் சொல்லி, அடுத்த சபைக் கூட்டத்திலிருந்தே அந்த நோட்டைத் தொடங்கச் சொல்லுங்கள்.